மேடை இசை நாடகத்துக்கு எவ்வளவு காலம் ஒத்திகை தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை நாடகம் ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுக்கும் குழுவினர், அரங்கத்தை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வது என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒத்திகைக்கு எத்தனை நாள் மிஞ்சும், அது போதுமா என்ற கவலை அடுத்தபடியாக வந்து சேர்கிறது. கீழே உள்ள விடைகள் அந்தக் கவலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வசனம், பாடல், நடனம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும், இடைவேளையோடு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நடக்கும் மேடைப் படைப்பையே இங்கே இசை நாடகம் என்று குறிப்பிடுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், எவ்வளவு காலம் வேண்டும்?

நியூயார்க்கின் பிராட்வே, லண்டனின் வெஸ்ட் எண்ட் போன்ற இடங்களில் இயங்கும் தொழில்முறைக் குழுக்கள் பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை ஒத்திகைக் கூடத்தில் பயிற்சி செய்துவிட்டு, அதன் பிறகு 1 அல்லது 2 வாரத்தை அரங்கத்திலேயே விளக்கு, ஒலி, செட் ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகைக்காகச் செலவிடுகின்றன. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் கூடும் அமெச்சூர் குழுக்களுக்கு 10 முதல் 16 வாரம் பிடிக்கும். பள்ளி மாணவர்கள் நடிப்பதாக இருந்தால் 3 அல்லது 4 மாதம் ஒதுக்குவது நல்லது. ஒரே பருவத்தில் அடுத்தடுத்துப் பல நாடகங்களை மேடையேற்றும் சில தொழில்முறைக் குழுக்கள் இரண்டே வாரத்தில், சில சமயம் ஒரே வாரத்தில்கூட முடித்துவிடுகின்றன. ஆனால் அங்கே நடிகர்கள் தங்கள் பாடல்களைக் கற்றுக்கொண்டே முதல் நாள் வருகிறார்கள் என்பதையும், நாடகமும் பெரும்பாலும் பலரும் முன்பே ஆடிப் பழகிய ஒன்றாக இருக்கும் என்பதையும் மறந்துவிட்டு அந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது.

வாரக் கணக்கை வைத்துத் திட்டமிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், வாரங்களை விட்டுவிட்டு மணி நேரங்களை எண்ணுங்கள் என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று 5 வாரம் உழைக்கும் தொழில்முறைக் குழுவுக்கு 210 மணி நேரம் கிடைக்கிறது. வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம் என்று 12 வாரம் கூடும் அமெச்சூர் குழுவுக்குக் கிடைப்பது 108 மணி நேரம்தான். நாட்காட்டியில் இரண்டு மடங்குக்கும் மேல் நீளமாகத் தெரியும் காலம், உண்மையில் பாதியளவுதான் இருக்கிறது.

அந்த 210 மணி நேரத்தின் உண்மையான பயன் அந்த எண் காட்டுவதைவிடவும் அதிகம். ஓர் அறையில் நடன அமைப்பாளர், குழுவாகப் பாடி ஆடும் கோரஸுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும்போது, அடுத்த அறையில் இசை இயக்குநர் நாயகியோடு பாட்டுப் பழகிக்கொண்டிருப்பார். மூன்றாவது அறையில் இயக்குநர் ஒரு வசனக் காட்சியை அமைத்துக்கொண்டிருப்பார். ஒரே கூடத்தை வைத்திருக்கும் குழுவால் அப்படிச் செய்ய இயலாது. மேலும், செவ்வாய்க்கிழமை கற்றது வியாழக்கிழமைக்குள் பாதி மறந்துபோவதும், ஒவ்வொரு மாலையும் எல்லோரும் வந்து சேர்ந்து குரலையும் உடலையும் தயார்படுத்துவதற்குள் இருபது நிமிடம் கரைவதும் மாலை நேரக் குழுக்களுக்கே உரிய இழப்புகள்.

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம் என்று நாடகக்காரர்கள் சொல்லும் கைக்கணக்கு ஒன்று உண்டு. இடைவேளையைக் கழித்துவிட்டு 130 நிமிடம் ஓடும் நாடகத்துக்கு 130 மணி நேரம் தேவை என்றாகிறது. மேலே சொன்ன அமெச்சூர் குழு தன் 108 மணி நேரத்தோடு ஆறு மணி நேர ஞாயிற்றுக்கிழமைகள் நான்கைச் சேர்த்துக்கொண்டால் 132 ஆகிவிடும். என் அனுபவத்தில், இந்தக் கணக்குக்குக் கீழே போன தயாரிப்புகள் எல்லாமே கடைசி வாரத்தில் மூச்சுத் திணறியிருக்கின்றன.

வசன நாடகத்தைவிட இசை நாடகத்துக்கு ஏன் கூடுதல் நேரம் பிடிக்கிறது?

கற்க வேண்டியவை மூன்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அம்மூன்றையும் தனித்தனியாகக் கற்ற பிறகு ஒன்றோடொன்று பொருத்துவதற்கு நான்காவதாக ஒரு காலம் வேண்டும் என்பதைத்தான் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நின்றபடி பிசகில்லாமல் பாடும் ஒருவர், அதே பாட்டை ஆடிக்கொண்டே பாடும்போது மூச்சு எடுக்கும் இடங்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. ஆடத் தெரிந்தவருக்கு, பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் ஹார்மனியில் தனக்குரிய சுரத்தைப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கும்போது கால் தடுமாறுகிறது. பேச்சிலிருந்து பாட்டுக்கு நழுவும் அந்தச் சில நொடிகளும் தனியாகப் பழக வேண்டியவை; பின்னணி இசை எந்தச் சொல்லின் அடியில் தொடங்குகிறது, அதற்குள் நடிகர் எத்தனை அடி நடந்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பலமுறை செய்துபார்த்த பிறகே இயல்பாக அமையும்.

முதலில் பாட்டா, நடனமா, வசனமா?

பாட்டுதான் முதலில். முதல் வாரத்தை, அமெச்சூர் குழுவானால் முதல் மூன்று வாரங்களை, பெரும்பாலும் இசைக்கே கொடுத்துவிடுவது நல்லது. காரணம் எளிது. பாட்டு மனப்பாடம் ஆகாதவரின் கண்கள் கையில் இருக்கும் தாளை விட்டு அகலாது. அப்படி நிற்பவருக்கு நடனமும் மேடை நகர்வும் கற்றுத்தருவது இயலாத காரியம். கோரஸ் பாடும் பெரிய பாடல்களை முதலில் எடுங்கள். பல குரல் பிரிவுகள் பின்னிச் செல்லும் முதல் பாகத்தின் இறுதிப் பாடல் போன்றவை ஒரு முறை கற்றதோடு நிற்பதில்லை. கற்று, சில நாள் ஊறவிட்டு, மறுபடி எடுத்துத் திருத்தும்போதுதான் சுருதி சேர்கிறது. தனிப் பாடல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் முதன்மை நடிகர்கள் வீட்டிலேயே பழகிக்கொள்வார்கள்.

நடனத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இருபது பேர் சேர்ந்து ஆடும் நான்கு நிமிட நடனத்தைக் கற்றுத்தர மட்டும் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துலக்கிச் சீர்செய்வதற்கு அதே அளவு மறுபடியும் தேவைப்படும். பயிற்சி பெற்ற நடனக் கலைஞர்களாக இருந்தால் இது பாதியாகக் குறையலாம். நடனமே கதையைச் சொல்லும் படைப்புகளில் கணக்கே வேறு. 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மேடையேறியபோது அதன் இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸ், அன்றைய பிராட்வே வழக்கமான 4 வார ஒத்திகை போதாது என்று 8 வாரம் கேட்டுப் பெற்றார். பகைமை, காதல், கொலை எல்லாவற்றையும் உடலசைவால் சொல்ல வேண்டிய நாடகத்துக்கு அந்த இரட்டிப்பு நியாயமானதே. உங்கள் நாடகத்தில் நடனம் எந்த அளவுக்குக் கதையைச் சுமக்கிறது என்று பார்த்த பிறகே அதற்கான நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வசனமும் பாட்டும் எப்போது மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்?

ஒத்திகைக் காலத்தின் நடுப்பகுதிக்குள். பிரதியைக் கையில் எடுக்கக் கூடாத நாள் எது என்பதை முதல் கூட்டத்திலேயே அறிவித்து, அந்தத் தேதியில் உறுதியாக நிற்க வேண்டும். முதல் பாகத்துக்கு ஒரு தேதி, இரண்டாம் பாகத்துக்குப் பத்து நாள் கழித்து இன்னொரு தேதி என்று பிரித்துக் கொடுத்தால் சுமை தாங்கக்கூடியதாக இருக்கும். மறந்துபோன வரியை எடுத்துக்கொடுக்க ஒருவர் சில நாள் உடன் இருக்கலாம். தொழில்நுட்ப ஒத்திகை தொடங்கும் முன் அவரும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டுமா?

தேவையில்லை, வரச் சொல்வது தவறும்கூட. மூன்று மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டு ஒரே ஒரு முறை மேடையைக் கடந்து வீடு திரும்பிய கோரஸ் பாடகர், அடுத்த வாரம் வராமல் இருக்கக் காரணம் தேடுவார். எந்தக் காட்சியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டு, அதன்படி அழைப்பு நேரங்களை அரை மணி நேர இடைவெளியில் பிரித்துக் கொடுப்பது மேடை மேலாளரின் வேலை. நடிகர்கள் வர இயலாத நாள்களைத் தேர்வின்போதே எழுதி வாங்கிக்கொண்டால் இந்த அட்டவணை நிலைக்கும். கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இசைக்குழு எப்போது சேர வேண்டும்?

பெரும்பாலான ஒத்திகைகள் ஒரே ஒரு பியானோவை, அல்லது கீபோர்டை, வைத்துத்தான் நடக்கும். இசைக்குழு தனியாக இரண்டு மூன்று முறை பழகிவிட்டு, அரங்கேற்றத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது பாடகர்களோடு சேரும். அப்படிச் சேரும் முதல் நாளுக்கு 'ஸிட்ஸ்புரோபே' என்ற ஜெர்மன் பெயர் உலகெங்கும் நாடகக்காரர்களிடையே வழங்குகிறது. உட்கார்ந்தபடி நடக்கும் ஒத்திகை என்று பொருள். அன்று நடிப்பும் இல்லை, நடனமும் இல்லை. எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து, நாடகத்தின் பாடல்கள் அனைத்தையும் வரிசையாகப் பாடி, வேகத்தையும் தொடக்கங்களையும் முடிவுகளையும் மட்டும் சரிபார்ப்பார்கள். இதற்கு நான்கு மணி நேரமாவது தேவை.

இந்த நாளைச் செலவைக் கருதித் தவிர்க்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு தயாரிப்பில், பத்து வாரமாகத் தவறே செய்யாத ஓர் இளம் பாடகி, இசைக்குழுவோடு முதல்முறை பாடும்போது தன் பாட்டைத் தொடங்கவே முடியாமல் நின்றார். பியானோ கலைஞர் அவருக்கு உதவியாக முதல் சுரத்தை மெல்லத் தொட்டுக் காட்டுவது வழக்கம். அது அவருக்கே தெரியாமல் பழகிப்போயிருந்தது. இசைக்குழுவுக்கு எழுதப்பட்டிருந்த பகுதியிலோ அந்த இடத்தில் ஒரு கிளாரினெட்டின் நீண்ட ஒலி மட்டுமே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் நான்கு முறை நிறுத்தி, கிளாரினெட்டைக் கேட்டு அதிலிருந்து தன் சுரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். அது இறுதி ஒத்திகையில், விளக்கும் உடையும் எல்லாம் சேர்ந்த நிலையில் நடந்திருந்தால், அவருக்கு அந்த நான்கு முறை கிடைத்திருக்காது.

முழு நாடகத்தையும் எத்தனை முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்?

அரங்கத்துக்குள் போகும் முன், கூடத்திலேயே குறைந்தது நான்கு முறை. மொத்த ஒத்திகை நேரத்தில் கால் பங்கை இதற்காக ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தக் காரணத்துக்காகவும் அதில் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கற்பித்து முடியவில்லை என்று இந்தக் காலத்துக்குள் கற்பித்தலை நீட்டிக்கொண்டே போவதுதான் இசை நாடகங்கள் அரைகுறையாக மேடையேறுவதற்கு முதல் காரணம்.

முழு ஓட்டத்தில்தான் சில உண்மைகள் வெளிப்படும். மூன்றாம் காட்சியில் ஆடி முடித்த நால்வர், நான்காம் காட்சியில் வேறு உடையில் வேறு பக்கத்திலிருந்து வர வேண்டியிருப்பதும், இடையில் இருப்பது நாற்பது நொடி மட்டுமே என்பதும், காட்சிகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது யாருக்கும் தோன்றியிருக்காது. நாயகன் இரண்டாம் பாகத்தில் அடுத்தடுத்து மூன்று கனமான பாடல்கள் பாடுகிறார், மூன்றாவதற்குக் குரல் மிச்சமிருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். ஓட்டத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்; குறிப்புகளை எழுதிவைத்துக்கொண்டு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

தொழில்நுட்ப ஒத்திகை ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது?

ஏனென்றால் அன்று நடிகர்கள் பழகவில்லை. விளக்கும் ஒலியும் செட்டும்தான் பழகுகின்றன. ஒரு பெரிய இசை நாடகத்தில் நூற்றுக்கணக்கான ஒளி மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் மேடை மேலாளர் ஒரு குறிப்பிட்ட சொல்லில் அல்லது தாளத்தில் அழைக்க வேண்டும். அது ஒரு நொடி பிந்தினாலும் மீண்டும் செய்ய வேண்டும். பத்து நிமிடக் காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஆவது இயல்பே. மைக் அளவுகளைச் சரிசெய்வது, திரைகள் இறங்கும் வேகத்தைப் பார்ப்பது, பக்கத்திரைக்குப் பின்னால் உடை மாற்றுவது எல்லாம் இதே நேரத்துக்குள் அடங்க வேண்டும். அமெரிக்க நடிகர் சங்க விதிகளின்படி, இந்தக் கட்டத்தில் சில நாள்கள் 12 மணி நேர இடைவெளிக்குள் 10 மணி நேரம் வரை வேலை வாங்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அது மனிதர்களைச் சோர்வுறச் செய்கிறது என்று கூறி அண்மைக் காலத்தில் பல அரங்குகள் அந்த நீண்ட நாள்களைக் கைவிட்டுள்ளன.

கூடத்தில் செட்டின் அளவுகளைத் தரையில் வண்ண நாடாவால் ஒட்டி வைத்துத்தான் ஒத்திகை பார்ப்பார்கள். நாடாவால் வரைந்த படிக்கட்டில் ஏறுவதற்கு மூச்சு செலவாவதில்லை. அரங்கத்தில் உண்மையான பதினான்கு படி வந்து நிற்கும்போது, ஏறிக்கொண்டே பாட வேண்டிய நீண்ட வரி பத்தாம் படியில் உடைந்துபோகும். இத்தகையவற்றைத் திருத்துவதற்கும் சேர்த்தே காலம் வேண்டும் என்பதால், அமெச்சூர் குழுவாக இருந்தாலும் அரங்கத்தில் இரண்டு முழு நாள் தொழில்நுட்ப ஒத்திகைக்கும், அதன் பின் உடை, ஒப்பனை, இசைக்குழு எல்லாம் சேர்ந்த இரண்டு முழு ஒத்திகைக்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எழுதப்படும் இசை நாடகத்துக்கும் இதே கணக்குதானா?

இல்லை. புதிய படைப்பில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே பாடல்கள் வெட்டப்படும், சேர்க்கப்படும், இடம் மாறும். அதனால் முறையான ஒத்திகைக்கு முன்பே வாசிப்புகளும் பயிற்சிப் பட்டறைகளும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. 1974இல் நடனக் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்கிய 'எ கோரஸ் லைன்', பல மாதப் பட்டறைகளுக்குப் பிறகே 1975இல் மேடையேறியது. முறையான தொடக்க நாளுக்கு முன் பார்வையாளர்கள் முன்னிலையில் நடத்தும் முன்னோட்டக் காட்சிகளும் ஒருவகை ஒத்திகைதான். இரவில் நடித்துவிட்டு மறுநாள் பகலில் திருத்தங்களைப் பழகுவார்கள். வழக்கமாக இது சில வாரங்களில் முடியும். 2010 நவம்பரில் முன்னோட்டத்தைத் தொடங்கிய 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்' மட்டும் 182 முன்னோட்டக் காட்சிகளைக் கடந்து 2011 ஜூன் 14 அன்றுதான் முறையாகத் தொடங்கியது.

குழந்தைகள் நடித்தால் எதை மாற்ற வேண்டும்?

ஒவ்வொரு ஒத்திகையையும் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பத்து வயதுக் குழந்தையால் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் பயனுள்ள வகையில் கவனம் செலுத்த இயலாது. பல நாடுகளில் தொழில்முறை மேடையில் குழந்தைகள் வேலை செய்யும் நேரத்தைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. அதனால்தான் பெரிய தயாரிப்புகளில் ஒரே வேடத்துக்கு இரண்டு மூன்று குழந்தைகளைப் பழக்கி, மாறி மாறி மேடையேற்றுகிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பழக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் போதவில்லை என்று பாதியில் தெரிந்தால் என்ன செய்வது?

உரிமையாளரின் அனுமதியில்லாமல் பாடல்களையோ காட்சிகளையோ வெட்டக் கூடாது. உரிமம் பெற்று மேடையேற்றும் நாடகங்களில் அது ஒப்பந்த மீறல். உங்கள் கையில் இருப்பவற்றை எளிமையாக்கலாம். நடன அடவுகளைக் குறைத்து, கோரஸை அழகான ஓர் அமைப்பில் நிற்கவைத்து நன்றாகப் பாடவிடுங்கள். செட் மாற்றங்களைக் குறையுங்கள். கூடுதல் ஒத்திகை வைப்பதாக இருந்தால், இரவை நீட்டுவதைவிட ஒரு காலை நேரத்தைச் சேருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பாடிக் கற்ற ஹார்மனி மறுநாள் நினைவில் இருப்பதில்லை, குரலும் கெடுகிறது.

அளவுக்கு மீறி ஒத்திகை பார்த்தால் நடிப்பு உயிரற்றுப் போகுமா?

போகலாம், ஆனால் அந்த நிலையை எட்டும் அளவுக்கு நேரம் கிடைக்கும் குழுக்கள் மிகக் குறைவு. உண்மையில் பாதிப்புக்குள்ளாவது குரல்தான். கடைசி இரண்டு வாரத்தில் பாடகர்கள் எல்லா ஒத்திகையிலும் முழுக்குரலில் பாடத் தேவையில்லை. உச்ச சுரங்களை அரைக்குரலிலோ ஒரு ஸ்தாயி இறக்கியோ பாடிக்காட்ட அனுமதியுங்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய நாளை முடிந்தால் ஓய்வுக்கு விட்டுவிடுங்கள்.

அரங்கேற்றத்தோடு ஒத்திகை முடிந்துவிடுகிறதா?

ஓரிரு முறை மட்டும் மேடையேறும் தயாரிப்பானால் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு எட்டு முறை என்று தொடர்ந்து நடக்கும் நாடகத்தில், முதன்மை நடிகர் வர இயலாத நாளில் மேடையேறும் மாற்று நடிகர்களுக்கான ஒத்திகை தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். புதிதாக ஒருவர் சேரும்போது மற்ற எல்லோரும் வந்து அவரோடு ஒருமுறை முழுவதையும் ஆடிக்காட்டுவார்கள். சண்டைக் காட்சியோ ஒருவரை ஒருவர் தூக்கி ஆடும் நடனமோ இருந்தால், எத்தனை நூறு முறை ஆடியிருந்தாலும், ஒவ்வொரு முறை நாடகம் நடப்பதற்கும் முன்பாக, பார்வையாளர்களை உள்ளே விடுவதற்குள், அதில் பங்கேற்பவர்கள் மேடைக்கு வந்து முதலில் பாதி வேகத்திலும் பிறகு முழு வேகத்திலும் அந்தப் பகுதியை மட்டும் செய்துபார்க்க வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிடம் பிடிக்கும். இதைத் தவிர்க்க எந்த நடிகருக்கும் அனுமதி தராதீர்கள்.